மகஜரில் ஒரு கையெழுத்து

எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் மாற்றலாகிப் போகும்போது ஒரு பதிவேட்டையும், வலைக்கண்ணை அளக்கும் தகட்டையும், இரண்டு சாட்சிகளையும் என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். சாட்சிகள் என்றால் நிஜமான ஆட்கள். ஒருவர் எதிர்ச் சாரியில் டீக்கடை வைத்திருந்தார், மற்றவர் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தார். எந்தக் கரையில் எந்த வலையைப் பறிமுதல் செய்தாலும் அதைக் கண்ணால் கண்டவர்கள் இவர்கள் இருவர்தான். டீக்கடைக்காரர் கடற்கரைப் பக்கம் போயே பல வருடம் ஆகிறது என்று அவரே சொன்னார். கவிச்சி வாடை அவருக்கு ஆகாதாம்.

பறிமுதல் நடந்த இடத்திலேயே நடந்ததை எழுதி, பார்த்தவர்கள் இரண்டு பேரிடம் கையெழுத்து வாங்கும் காகிதத்துக்கு மகஜர் என்று பெயர். அது இல்லாமல் வழக்கு நிற்காது. கரையில் இருப்பவர்கள் யாரும் தங்கள் ஊருக்கு எதிராக அதில் கையெழுத்துப் போடமாட்டார்கள் என்பதால்தான் இந்த ஏற்பாடு. நீங்களும் இப்படியே ஓட்டிக்கொள்ளுங்கள், தலைவலி இருக்காது என்று போகிறவர் சொல்லிவிட்டுத்தான் போனார். நான் கேட்டால்தானே.

அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. மீன்துறையில் சார் ஆய்வாளர். கோபம் மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கும். குமராட்சிப் பக்கம் நடவுக்கும் அறுப்புக்கும் போகிற வீட்டில் பிறந்து, அந்த வீட்டிலிருந்து முதன்முதலாக அரசாங்க வேலைக்கு வந்தவன். என் அப்பா கடைசிவரை கைநாட்டு. என்னைக் கல்லூரியில் சேர்த்த அன்று கிளார்க் மைப் பெட்டியைத் தேடிக்கொண்டே இருந்தார். அப்பா கட்டைவிரலை நீட்டியபடி கவுண்டருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். பின்னால் இருந்த வரிசை சிரித்தது. அந்தச் சிரிப்பு என் காதை விட்டு இன்னும் போகவில்லை. அதனாலோ என்னவோ, காகிதத்தில் ஏறுவது உண்மையாகத்தான் இருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம். கரையில் நடந்ததைக் கரையில் பார்த்தவர்தான் சொல்ல வேண்டும் என்று அடம்பிடித்தேன்.

சுனாமி வந்து இரண்டரை வருடம் ஆகியிருந்தது. கரையெங்கும் புதுப் படகுகள், புது வலைகள். கூடவே சுருக்குமடியும் வந்தது. மீன் கூட்டத்தைச் சுற்றி வளைத்து, அடியில் வளையங்களில் கோத்த கயிற்றை இழுத்தால் மொத்த வலையும் பையாகச் சுருங்கிவிடும். உள்ளே இருப்பது பெரிசு, சிறிசு எதுவும் தப்பாது. அதற்குத் தடை இருந்தது. தடை காகிதத்தில் இருந்தது, வலை கடலில் இருந்தது. விரல் நீளம்கூட வளராத கானாங்கெளுத்திக் குஞ்சும் கவலைக் குஞ்சும் லாரி லாரியாகக் கோழித் தீவனத்துக்குப் போயின. கவலை என்று ஒரு மீனுக்குப் பெயர் வைத்தவர் எங்கள் வேலையை நினைத்துத்தான் வைத்திருக்க வேண்டும்.

அந்த வருடங்களில் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியாது. குடியிருந்தது சிதம்பரத்தில், அலுவலகம் கடலூரில். தினமும் பைக்கில் போய் வருவேன். வழியில் எந்தப் பாலத்தைக் கடந்தாலும் வண்டியை நிறுத்திக் கீழே யாராவது கொசுவலை போட்டு மீன்குஞ்சை வழிக்கிறார்களா என்று எட்டிப் பார்ப்பேன். வீட்டுக்கு வந்தாலும் கால் நிற்காது. நீங்கள் நடக்கிற நடையில் தரை தேய்ந்துவிடும், வீட்டுக்காரர் அட்வான்ஸில் பிடித்துக்கொள்ளப்போகிறார் என்பாள் மனைவி.

எங்கள் தெருவுக்கு வாரத்தில் நான்கு நாள் மீன் கொண்டுவரும் அக்கா ஒருத்தி இருந்தாள். நாற்பது வயதிருக்கும். கடலூருக்குத் தெற்கே ஒரு கடற்கரைக் கிராமம். விடிந்ததும் கரையில் ஏலம் எடுத்து, அன்னக்கூடையில் ஐஸைத் தட்டிப் போட்டு, கண்டக்டரோடு தினமும் ஒரு சண்டை போட்டு, பஸ்ஸின் பின்படி ஓரமாக உட்கார்ந்து சிதம்பரம் வந்துவிடுவாள். அவள் குரல் தெருமுனையில் கேட்கும்போதே பூனைகள் எங்கள் வாசலில் வந்து உட்கார்ந்திருக்கும்.

ஒருநாள் கேஸ் சிலிண்டர் வந்தபோது நான் மொட்டை மாடியில் இருந்தேன், மனைவி குளித்துக்கொண்டிருந்தாள். வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்த அக்காவே கையைக் கழுவிவிட்டு சிலிண்டர்காரரின் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டு வாங்கி வைத்துவிட்டாள். நான் இறங்கி வந்து பார்த்தேன். ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக, பக்கத்து எழுத்தைத் தொடாமல், நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து. அப்பா பெயரா, வீட்டுக்காரர் பெயரா என்று கேட்டேன்.

“அம்மா எழுத்து சார். அப்பன் நான் வயித்துல இருக்கப்பவே விட்டுட்டுப் போயிட்டாரு. மீன்கூடை தூக்கி வளத்தது அவுங்கதான். வேற யார் எழுத்த போடுறது?”

ஊரில் முதியோர் கல்வி வகுப்பு நடந்தபோது கற்றுக்கொண்டாளாம். இனிஷியல் என்றால் அப்பா பெயரோ கணவர் பெயரோதான் என்று சொல்லிக்கொடுத்தவர் வாதாடியிருக்கிறார். இவள் விட்டுக்கொடுக்கவில்லை. அந்த எழுத்தை மட்டும் சிலேட்டில் எழுதி எழுதிச் சிலேட்டே தேய்ந்துவிட்டது என்று சிரித்தாள். இப்போது ஊரின் மகளிர் குழுவுக்கு அவள்தான் செயலாளர், தீர்மானப் புத்தகத்தில் முதல் கையெழுத்து அவளுடையது. “கைநாட்டு வச்சா பாதி மை விரலோடவே வந்துடுது. இது அப்படியே தாள்ல நிக்கும்” என்றாள். எனக்கு அப்பாவின் ஞாபகம் வந்தது. உள்ளே போய்விட்டேன்.

தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குப் போகத் தொடங்கிய மாதம். அவளுடைய கிராமத்திலேயே ஒரு சுருக்குமடி ஓடுகிறது என்று தகவல் வந்தது. பாதி ஊருக்கு அந்த வலையில் பங்கு. காலை எட்டு மணிக்கு ஜீப்பில் இரண்டு போலீஸ்காரர்களோடு போய் இறங்கினேன். மணலில் மலைபோல் வலை கிடந்தது. பக்கத்தில் லாரி நின்றது. பெட்டி பெட்டியாகக் குஞ்சு மீன் ஏறிக்கொண்டிருந்தது. தகட்டை வலைக்கண்ணுக்குள் விட்டுப் பார்த்தேன். தகடு பாதியிலேயே நின்றது, என் சுண்டுவிரல்கூட நுழையவில்லை.

ஜீப் பானெட்டில் தாளை வைத்து மகஜர் எழுதி முடித்தேன். இரண்டு சாட்சி வேண்டும் என்றேன். சுற்றி நின்ற அவ்வளவு பேருக்கும் ஒரே சமயத்தில் வேறு வேலை வந்துவிட்டது. ஒருவர் வானத்தைப் பார்த்தார். இன்னொருவர் ஏற்கெனவே கட்டியிருந்த கைலியை அவிழ்த்து மறுபடி கட்டினார். ஐஸ் இறக்க வந்த வெளியூர் டிரைவர் மட்டும் ஒரு கிறுக்கல் போட்டுவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். இன்னும் ஒரு கையெழுத்து வேண்டும். டீக்கடைக்காரர் இருக்கவே இருக்கிறார் என்று கூட வந்த உதவியாளர் காதோரம் சொன்னார். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது.

அப்போதுதான் அக்காவைப் பார்த்தேன். கூடைக்காரப் பெண்கள் ஏழெட்டுப் பேரோடு காலிக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். பிடிக்கிற மீன் முழுவதும் நேராக லாரிக்குப் போவதால் கரையில் ஏலமே நடக்கவில்லை, மூன்று நாளாக அவர்கள் கூடையில் ஒரு மீன் விழவில்லை. நான் மகஜரை எடுத்துக்கொண்டு அவளிடம் போனேன். நான் போயிருக்கக் கூடாது. அது எனக்கு இப்போது தெரியும். அப்போது என் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் எழுத்துத் தெரிந்த, நடந்ததை நேரில் பார்த்த ஓர் ஆள்.

அவள் தாளைப் பார்த்தாள். பிறகு வலையைப் பார்த்தாள்.

“இதுல போட்டா அந்த வலை கடலுக்குப் போவாதா சார்?”

“போவாதுக்கா.”

“எனக்கு ஒன்னும் ஆவாதில்ல?”

“ஒன்னும் ஆவாது. நான் இருக்கேன்” என்றேன்.

கூடையைக் கீழே வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்தாள். முதலில் அம்மாவின் எழுத்து, பிறகு ஒரு புள்ளி, பிறகு பெயர். அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டு அவள் எழுதியதைக் கரையே பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு ஜெயித்துவிட்ட சந்தோஷம். ஜீப்பில் திரும்பும்போது உதவியாளர் கரையையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தார். ஏன் என்று நான் யோசிக்கவும் இல்லை.

அடுத்த வாரம் அக்கா வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. பூனைகள் மட்டும் வந்து உட்கார்ந்துவிட்டுப் போயின. உடம்பு சரியில்லையோ என்று மனைவி கேட்டாள். நான் தினசரியைப் புரட்டினேன். எனக்கு விஷயம் தெரிந்திருந்தது. ஊர்ப் பஞ்சாயத்து கூடி அவளைத் தள்ளி வைத்துவிட்டது. ஏலத்தில் அவள் கேட்டால் ஏலம் விடுகிறவர் காதில் விழாது. குழுவிலிருந்து பெயரை எடுத்துவிட்டார்கள். அவளோடு பேசினால் பேசியவருக்கும் அதே கதி. கூட நின்ற கூடைக்காரப் பெண்கள்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டார்களாம். நான் இருக்கேன் என்று சொன்னவன் சிதம்பரத்தில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருந்தேன். அதுவும் உட்கார முடியவில்லை. இரண்டு முறை பைக்கை எடுத்துக்கொண்டு அந்த ஊர்த் திருப்பம்வரை போய்விட்டுத் திரும்பினேன். போனால் அவளுக்கு இன்னும் கெடுதல் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில் பாதி உண்மை, பாதி பயம்.

ஒரு மாதம் கழித்து அவளே வந்தாள். கூடை இல்லாமல் அவளை அன்றுதான் பார்த்தேன். கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றாள். உள்ளே வந்து உட்காரச் சொன்னோம், வாசற்படியோடு நின்றுகொண்டாள். அந்தத் தாளைக் கிழித்துவிட முடியுமா என்று கேட்டாள். மூலம் மேலதிகாரியிடம் போய்விட்டது, நகல்கள் வேறு இடங்களுக்குப் போய்விட்டன, என் கையில் எதுவும் இல்லை என்று விளக்கினேன். விளக்கும்போதே என் குரல் எனக்குப் பிடிக்கவில்லை.

“அப்ப நான் போட்டது அழியவே அழியாதா சார்?”

“அழியாதுக்கா.”

மனைவி கொடுத்த தண்ணீரைக் குடித்தாள். டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டாள். அவள் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் எனக்கு அன்று தூக்கம் வந்திருக்கும்.

விசாரணை கடலூர் மஞ்சக்குப்பத்தில், மேலதிகாரி அலுவலகத்தில் நடந்தது. ஊர்த் தலைவரும் பஞ்சாயத்தாரும் ஒரு வேனில் வந்து இறங்கினார்கள். அதே வேனிலிருந்து அக்காவும் இறங்கினாள். இத்தனை நாளாக யாரும் பேசாதவளுக்கு வேனில் இடம் கொடுத்திருக்கிறார்கள் என்றால் ஏதோ பேசி முடித்திருக்கிறார்கள் என்று எனக்குப் புரிந்தது. என்ன பேசினார்கள் என்பது மட்டும் புரியவில்லை. ஐஸ் வண்டி டிரைவர் வரவே இல்லை. ஆக, வழக்கு முழுவதும் அவள் ஒருத்தியின் வாயில் இருந்தது.

விசாரணை அதிகாரி மகஜரை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். இது உங்கள் கையெழுத்தா என்று கேட்டார். அவள் குனிந்து பார்த்தாள். நிறைய நேரம் பார்த்தாள்.

“எனக்குக் கையெழுத்து போடத் தெரியாது சார். நான் கைநாட்டு” என்றாள்.

அதிகாரி என்னைப் பார்த்தார். அப்படியானால் இதைப் போட்டது யார் என்று அந்தப் பார்வை கேட்டது. என்னிடம் பதில் இருந்தது. மகளிர் குழுவின் தீர்மானப் புத்தகம் இருக்கிறது, அதில் பக்கத்துக்குப் பக்கம் இவள் கையெழுத்து இருக்கிறது, ஆளனுப்பினால் ஒரு மணி நேரத்தில் வந்துவிடும். இதைச் சொன்னால் வலை அரசுடைமையாகும், என் வேலைக்கும் பங்கம் இல்லை. ஆனால் அவள் அந்த வேனில் திரும்பிப் போக முடியாது. வார்த்தை என் நாக்கு நுனிவரை வந்தது. அவள் என்னைப் பார்க்கவே இல்லை. தன் வலது கைவிரல்களை முந்தானைக்குள் சுற்றி வைத்திருந்தாள், அவை எழுதத் தெரிந்தவை என்று யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதுபோல்.

“கூட்டமா இருந்துச்சு சார். அந்தப் பேரைச் சொல்லி யாரு போட்டாங்கன்னு நான் சரியா கவனிக்கலை” என்றேன்.

காகிதத்தில் ஏறுவது உண்மையாக இருக்க வேண்டும் என்று அடம்பிடித்தவன் சொன்ன வாக்குமூலம் இது. எழுத்தர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். பிறகு அவளுடைய வாக்குமூலத்தை வாசித்துக் காட்டி மைப் பெட்டியைத் தள்ளினார். அக்கா இடது கட்டைவிரலை நீட்டினாள். கைநாட்டை மறந்து பல வருடமான விரல். அழுத்தத் தெரியாமல் வழுக்கிவிட்டது. எழுத்தர் அவள் விரலைப் பிடித்து இன்னொரு முறை வைக்கச் செய்தார். ஊர்த் தலைவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

வலை திரும்பக் கொடுக்கப்பட்டது. எனக்கு மெமோ வந்தது. சாட்சியைச் சரிபார்க்காமல் மகஜர் தயாரித்த கவனக்குறைவுக்காக ஒரு வருட ஊதிய உயர்வை நிறுத்தினார்கள், கொள்ளிடக்கரைப் பக்கம் ஒரு மீன்குஞ்சுப் பண்ணைக்கு மாற்றினார்கள். அதற்காக நான் வருத்தப்படவில்லை. அக்கா மறுபடியும் எங்கள் தெருவுக்கு வருவாள் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. ஏலத்தில் சேர்த்துக்கொண்டார்களாம், ஆனால் அவள் விருத்தாசலம் பக்கம் விற்கப் போகிறாளாம். ஒருமுறை கைநாட்டு என்று சொல்லிவிட்டதால் எங்கேயும் கைநாட்டாகவே இருக்க வேண்டியதாகிவிட்டது, ரேஷன் கடையில்கூட விரலைத்தான் நீட்டுகிறாள், குழுவில் வேறொருத்தி செயலாளர். இதையெல்லாம் பழைய உதவியாளர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். கேட்ட அன்று பண்ணைக் குளங்களைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். மீன்குஞ்சுகளுக்குத் தவிடு போடவும் மறந்துவிட்டேன்.

ஐந்து வருடம் கழித்து, 2012இல், கடலூருக்கே திரும்பி வந்தேன். அதற்குள் சுருக்குமடி பெரிய ஊர்களுக்குப் போய்விட்டது. பெரிய எஞ்சின், பெரிய வலை. அவற்றோடு போட்டிபோட முடியாமல் அந்தக் கிராமத்தார் தங்கள் வலையை விற்றுவிட்டிருந்தார்கள். கரையில் மீன் இல்லை. கவலைகூட இல்லை, கவலைதான் இருந்தது என்று ஒரு பெரியவர் என்னிடம் சொல்லிவிட்டு அவரே சிரித்தார். ஒரு திங்கட்கிழமை அந்த ஊர்ப் பெண்கள் ஷேர் ஆட்டோக்களிலும் ஒரு மினி லாரியிலும் மஞ்சக்குப்பம் கலெக்டர் அலுவலகத்துக்கு வந்தார்கள். சுருக்குமடியை அடியோடு தடுக்க வேண்டும் என்று மனு. ஐந்து வருடத்துக்கு முன் அதையே ஒருத்தி சொன்னதற்குத்தான் அவளைத் தள்ளி வைத்தார்கள். எனக்கு ஆத்திரமாக வந்தது. யார்மேல் என்று தெரியாத ஆத்திரம்.

மனுவில் கையெழுத்து வாங்கி, பெயர்களைச் சரிபார்க்கும் வேலை என்னிடம் வந்தது. தாழ்வாரத்தில் மேசை போட்டு, பேனாவும் மைப் பெட்டியும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இளம் பெண்கள் பேனாவை எடுத்தார்கள். வயதானவர்கள் விரலை நீட்டினார்கள். விரல் வைத்தால் பக்கத்தில் இன்னாருடைய ரேகை என்று நான் பெயர் எழுத வேண்டும்.

வரிசையில் அவள் வந்தாள். காதோரம் முழுவதும் நரைத்துவிட்டது. என்னைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. நான் எதுவும் கேட்பதற்கு முன் இடது கட்டைவிரலை மையில் தொட்டு, தாளில் வைத்து, ஒரு உருட்டு உருட்டி எடுத்தாள். இந்தமுறை வழுக்கவில்லை. ரேகை ஒன்றுவிடாமல் விழுந்திருந்தது. ஐந்து வருடப் பழக்கம்.

பக்கத்தில் அவள் பெயரை எழுதினேன். பெயரை மட்டும்தான். முன்னால் வர வேண்டிய எழுத்து எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அதைப் பழைய மகஜரின் கையெழுத்தோடு அலுவலகத்தில் யாராவது பொருத்திப் பார்த்துவிட்டால் என்ன செய்வது என்று பயந்து விட்டுவிட்டேன். அடுத்தவர் வரட்டும் என்று நிமிர்ந்தேன்.

அவள் நகரவில்லை. விரலில் இருந்த மையை மேசை ஓரத்தில் துடைப்பதுபோல் குனிந்தாள். தலைகீழாக இருந்த என் எழுத்தை அவள் கண் வரிசையாகப் படித்துக்கொண்டு போவதைப் பார்த்தேன்.

“முன்னால அம்மா எழுத்து விட்டுப்போச்சு சார்” என்றாள், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

எழுதினேன். பெயருக்கு முன்னால் இடம் போதவில்லை. அந்த எழுத்து ஈரம் காயாத ரேகையின் மேல்தான் விழுந்தது.